மூச்சை வெளியே விடும் நேரம்: சி-பாப் கருவியில் வெளிமூச்சுத் தளர்வைப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்ல ஆலை வைத்திருக்கும் என் சித்தப்பா, தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க முகமூடி வழியாகக் காற்றை ஊதும் சி-பாப் கருவி வாங்கிய பத்தாம் நாள் அதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். “காற்று உள்ளே வருவது சுகமாகத்தான் இருக்கிறது கண்ணு. மூச்சை வெளியே விடும்போதுதான் யாரோ வாயில் கையை வைத்து அடைப்பது போல இருக்கிறது” என்றார். அவருடைய குறட்டை சட்டென்று நின்று, மூச்சும் நின்று, பிறகு பெரும் திணறலோடு மீண்டும் கிளம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சித்தி எத்தனையோ இரவுகளை உட்கார்ந்தே கழித்திருக்கிறார். அந்த வீட்டில் கருவி கட்டிலுக்கு அடியில் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நானும் இதே கருவியோடு உறங்குகிறவன்தான்.

வெளியே எடுத்துப் பார்த்தால், மூச்சை விடும்போது மட்டும் காற்றழுத்தத்தைக் குறைக்கும் வெளிமூச்சுத் தளர்வு என்னும் வசதி அணைந்தே கிடந்தது. கருவியை விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டோம். “3 வைத்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்றார். வைத்தோம். சித்தப்பா முகமூடியைக் கழற்றாமல் விடிய விடியத் தூங்கினார். வீடே மகிழ்ந்தது. இரண்டு வாரம் கழித்துப் பகல் தூக்கம் திரும்பி வந்தது. வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். அன்றுதான் எனக்கு உறைத்தது: இந்த எண் சௌகரியத்துக்கு மட்டுமானது என்று நினைத்தது எங்கள் தவறு. அதைத் தொட்டால் சிகிச்சையின் அளவையும் சேர்த்தே தொடுகிறோம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எதிர்காற்று எங்கிருந்து வருகிறது

தூங்கும்போது தொண்டையின் மென்தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா நோயின் பெரும்பான்மை வகை. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து அந்தப் பாதையைத் திறந்தே வைக்க முடியும் என்று காட்டினார்; 1981இல் அது லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இன்றைய கருவிகள் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்தாம். துணிப்பைக்குள் ஊதினால் பை விரிந்து நிற்பது போல, காற்று தொண்டையை விரித்து நிறுத்துகிறது.

சிக்கல் அந்தத் ‘தொடர்ந்து’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நீங்கள் மூச்சை இழுக்கும்போதும் காற்று உள்ளே தள்ளுகிறது, விடும்போதும் உள்ளேயே தள்ளுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாளில் பல்லடம் சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். கிழக்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் அதே காற்று, மேற்கே திரும்பினால் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும்.

எவ்வளவு எதிர்காற்று என்று கையால் அறிய ஒரு வழி உண்டு. கருவியின் அழுத்தத்தைச் சென்டிமீட்டர் நீர்மட்டத்தில் சொல்கிறார்கள். பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 வரை கொடுக்கும். ஒரு பப்பாளி இலைக் காம்பை வெட்டி, பாலைக் கழுவிவிட்டு, வாளித் தண்ணீரில் 10 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரை ஜாண் ஆழத்துக்கு அமிழ்த்தி ஊதுங்கள். குமிழி வெளியே வர நீங்கள் கொடுக்கும் வலுதான் 10 என்ற அழுத்தம். இப்போது காம்பை 7 சென்டிமீட்டருக்கு உயர்த்தி ஊதுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உணர்கிற இலகுதான் ‘3’ என்ற தளர்வு. சித்தப்பாவுக்கு நான் இதை வாளியில் செய்து காட்டிய பிறகுதான் கருவியின் எண்களோடு அவருக்குப் பழக்கம் வந்தது.

முதல் படி: உங்கள் கருவியில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பாருங்கள்

எல்லாக் கருவிகளிலும் 1, 2, 3 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் எல்லா 3-உம் ஒன்றல்ல. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ரெஸ்மெட் கருவிகளில் இதன் பெயர் ஈ.பி.ஆர். இங்கே எண் நேரடியான அளவு. கருவி 10இல் ஓடுகிறது, ஈ.பி.ஆர். 3 என்றால், மூச்சை விடும்போது அழுத்தம் 7க்கு இறங்கும். மறுபடி இழுக்கத் தொடங்கும்போது 10க்கு ஏறும். 2 என்றால் 8, 1 என்றால் 9. தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ வகையிலும் இதே கணக்குத்தான், அந்த நேரத்தில் எந்த அழுத்தம் ஓடுகிறதோ அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு தரைமட்டம் உண்டு. அழுத்தம் 4க்குக் கீழே இறங்காது. உங்கள் கருவி 5இல் ஓடும்போது 3 வைத்தாலும் 4 வரைதான் இறங்கும். உங்களுக்குக் கிடைத்த தளர்வு வெறும் 1. “3 வைத்தும் ஒரு வித்தியாசமும் இல்லை” என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, ஈ.பி.ஆர். இரவு முழுவதும் வேலை செய்ய வேண்டுமா, ராம்ப் நேரத்தில் மட்டுமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. ராம்ப் என்பது, படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல முழு அழுத்தத்துக்கு ஏறும் நேரம். ‘ராம்ப் மட்டும்’ என்று இருந்தால், தூங்கும் வரை இதமாக இருக்கும். நடுச்சாமத்தில் விழித்தால் எதிர்காற்று முகத்தில் அறையும். ‘இரவில் மட்டும் கருவி கெட்டுப்போகிறது’ என்று நினைத்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பிலிப்ஸ் கருவிகளில் சி-ஃப்ளெக்ஸ் என்று இருக்கும். இதன் போக்கு வேறு. இங்கே 3 என்பது மூன்று சென்டிமீட்டர் அல்ல. நீங்கள் எவ்வளவு வேகமாக மூச்சை விடுகிறீர்களோ அதற்கேற்ப அழுத்தம் இறங்கும். வெளிமூச்சு முடிவதற்கு முன்பே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வெளிமூச்சின் கடைசிப் பகுதியில்தான் தொண்டை மிகவும் குறுகி, அடைபட ஆயத்தமாக நிற்கிறது. அந்த நேரத்தில் முழு அழுத்தம் கைகொடுக்கிறது என்பது இந்த முறையின் நன்மை. உணரும் இதம் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். சி-ஃப்ளெக்ஸ் பிளஸ், ஏ-ஃப்ளெக்ஸ் ஆகியவை உள்மூச்சிலிருந்து வெளிமூச்சுக்கு மாறும் திருப்பத்தையும் மென்மையாக்குகின்றன.

ஆகவே ஒரு கருவியில் 2 வைத்துச் சுகமாக உறங்கிய உறவினர், “நீயும் 2 வை” என்று வேறு கருவிக்காரருக்குச் சொன்னால் அது பொருந்தாது. பி.எம்.சி. கருவிகளில் இந்த வசதிக்கு ரெஸ்லெக்ஸ் என்று பெயர். எதுவானாலும் உங்கள் கருவியின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

(பழைய பிலிப்ஸ் கருவியை இரண்டாம் கையாக வாங்குபவர்களுக்கு: 2021 ஜூனில் அந்த நிறுவனம், உள்ளே ஒலியடக்கும் நுரைப்பஞ்சு சிதைவது தொடர்பாகப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.)

இரண்டாம் படி: குற்றவாளி வேறு யாராவதா என்று தேடுங்கள்

மூச்சை விட முடியவில்லை என்ற புகாருக்கு எப்போதும் அழுத்தம்தான் காரணம் என்று கொள்ள வேண்டாம்.

முதலில் மூக்கு. நூற்பாலையில் வேலை செய்பவர்கள், மஞ்சள் மண்டியில் தூசியோடு பழகுபவர்கள், மார்கழிப் பனியில் மூக்கடைப்பு வருபவர்கள் ஆகியோருக்கு மூக்கு மூடியிருந்தால் எந்த எண் வைத்தாலும் திணறல்தான். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, தேவையானால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது, இவை எண்ணை மாற்றுவதைவிட முந்தி வர வேண்டியவை.

அடுத்து முகமூடியின் துளைகள். முகமூடியின் முன்பக்கம் சிறு துளைகள் இருக்கும். நீங்கள் விட்ட மூச்சு வெளியேறும் ஒரே வழி அதுதான். அவை அழுக்கால் அடைபட்டாலோ, குளிருக்குப் போர்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்தினாலோ, விட்ட காற்றே திரும்ப உள்ளே வரும். புளியம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர் தை மாதத்தில் மட்டும் காலையில் தலைவலியோடு எழுவார். கம்பளியைக் கழுத்துக்குக் கீழே இறக்கியதும் அது நின்றது.

குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டால் கடகடவென்று சத்தம் வரும், அழுத்தமும் அலைபாயும். ஈரப்பத அளவைக் குறையுங்கள், குழாய்க்கு ஒரு துணி உறை போடுங்கள். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும். நம் போர்வெல் தண்ணீர் நான்கே நாளில் வெள்ளைப் படிவம் கட்டிவிடும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் அதற்கும் இதே விதிதான்.

கடைசியாக ஒரு வேடிக்கையான குழப்பம், ஆனால் அடிக்கடி நடப்பது: மூச்சை இழுக்க முடியாததை, விட முடியவில்லை என்று சொல்வது. தாராபுரத்தில் என் பெரியம்மாவுக்கு ஆட்டோ கருவி கொடுத்து, எல்லை 4 முதல் 20 என்று பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டிருந்தார்கள். முகமூடி போட்டவுடன் அடைக்கிறது என்று கழற்றிவிடுவார். தளர்வு ஏற்கெனவே 3. ஆனால் கருவி ஓடுவதோ 4இல். அங்கே இறங்குவதற்கு இடமே இல்லை. பலருக்கு 4இல் வரும் காற்று போதாது. மருத்துவர் தொடக்க அழுத்தத்தை 7 ஆக்கினார். அழுத்தத்தைக் கூட்டியதும் அடைப்பு போனது. பெரியம்மா இன்று வரை அதை நம்ப மறுக்கிறார், ஆனால் தினமும் முகமூடி போட்டுத் தூங்குகிறார்.

மூன்றாம் படி: மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு நாட்குறிப்பு போதும். காலையில் கருவியின் திரையில் வரும் மூன்றைக் குறியுங்கள்: எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள், ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு, முகமூடியில் கசிவு உண்டா. ஏ.ஹெச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்ற அல்லது வெகுவாகக் குறைந்த தடவைகள். குறைந்தது 10 விநாடி நீடித்தவை மட்டும் கணக்கில் வரும். 5க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15 லேசானது. 15 முதல் 30 நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. சிகிச்சையில் இருக்கும்போது 5க்குக் கீழே வைத்திருப்பதுதான் பொதுவான குறிக்கோள். கசிவைப் பொறுத்தவரை, ரெஸ்மெட் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் முகமூடியைச் சரிசெய்ய வேண்டும் என்று பொருள். கசிவு அதிகமாக இருந்தால் நீங்கள் எப்போது மூச்சை விடுகிறீர்கள் என்பதைக் கருவி சரியாக அறியாது; தளர்வும் தப்பான நேரத்தில் வரும்.

நான்காவதாக, திரையில் வராத ஒன்றை எழுதுங்கள்: பகலில் எப்படி இருந்தீர்கள். மதியச் சோற்றுக்குப் பின் கண் சொக்கியதா, வண்டி ஓட்டும்போது கொட்டாவி வந்ததா, எழுந்தவுடன் வாய் உலர்ந்திருந்ததா. எண்களைவிட இந்த வரிகளைத்தான் பல மருத்துவர்கள் முதலில் படிக்கிறார்கள்.

நான்காம் படி: விழித்திருக்கும்போதே பழகுங்கள்

கருவியை முதன்முதலில் நள்ளிரவில் சோதிக்காதீர்கள். மாலையில் நாற்காலியில் சாய்ந்து, வானொலியோ தொலைக்காட்சியோ ஓடட்டும், முகமூடி போட்டு இருபது நிமிடம் மூச்சு விடுங்கள். வசதி இருந்தால் ராம்பை அணைத்துவிட்டு, முழு அழுத்தத்தில் உட்கார்ந்து பாருங்கள். தளர்வு இல்லாமல் ஐந்து நிமிடம், 1இல் ஐந்து நிமிடம், 2இல், 3இல். மூச்சை வலிந்து தள்ளாதீர்கள். உதட்டைத் தளர விட்டு, காற்று தானாக இறங்கட்டும் என்று விடுங்கள். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருப்பதுதான் இயல்பு.

அப்போது கவனியுங்கள்: கருவி உங்களை அவசரப்படுத்துகிறதா? நீங்கள் மூச்சை விட்டு முடிப்பதற்குள் அடுத்த காற்றைத் தள்ளுகிறதா? சிலருக்கு 3இல் அப்படித் தோன்றும். எனக்கும் அப்படித்தான், 3 வைத்தால் யாரோ பின்னால் நின்று ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பது போல இருக்கும். நான் 1இல் நிற்கிறேன். தளர்வே வேண்டாம் என்று அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்குபவர்களும் நிறைய உண்டு. எண் கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தை இந்த நாற்காலியிலேயே விட்டுவிடலாம்.

எந்த இடத்தில் மாற்றுவது? ரெஸ்மெட்டின் அண்மைக் கருவிகளில் பயனருக்கான பட்டியலில் ‘பிரஷர் ரிலீஃப்’ என்று ஆன், ஆஃப் மட்டும் இருக்கும். 1, 2, 3 என்ற அளவு மருத்துவருக்கான பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அழுத்த எல்லைகளும் இருப்பதால், தொழில்நுட்பரை வீட்டுக்கு வரச் சொல்லியோ மருத்துவமனைக்குக் கருவியை எடுத்துச் சென்றோ மாற்றிக்கொள்வதே நல்லது. பிலிப்ஸில் பூட்டப்படாதிருந்தால் ஃப்ளெக்ஸ் எண்ணைப் பயனரே மாற்றலாம்.

ஐந்தாம் படி: ஒன்றை மாற்று, ஒரு வாரம் நில்

ஒரே இரவில் தளர்வையும் மாற்றி, முகமூடியையும் மாற்றி, ஈரப்பதத்தையும் கூட்டினால் எது பலித்தது என்று தெரியாது. மஞ்சளுக்கு உரமும் மருந்தும் ஒரே நாளில் போட்டுவிட்டு எதனால் இலை கருகியது என்று தேடுவது போலத்தான் அது. தளர்வை ஒரு படி மட்டும் மாற்றி, குறைந்தது ஏழு இரவுகள் அப்படியே விடுங்கள். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஒரு சளி, மல்லாந்து படுத்த ஓர் இரவு, இவை எல்லாமே ஏ.ஹெச்.ஐ.யை ஏற்றும். ஓர் இரவின் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: வந்த எண்களைப் படிப்பது

சித்தப்பாவின் கணக்குக்கு வருவோம். மருத்துவர் தூக்க ஆய்வுக்கூடத்தில் பார்த்து எழுதிய அழுத்தம் 8. தளர்வு 3 வைத்ததும் வெளிமூச்சில் 5 ஆகிவிட்டது. தொண்டை முழுவதும் அடைபடாமல் தடுப்பதில் வெளிமூச்சு நேரத்து அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது இறங்கியதும் அடைப்பு மீண்டும் தலைகாட்டியது. நாட்குறிப்பில் ஏ.ஹெச்.ஐ. 3லிருந்து 9, 10 என்று ஏறியிருந்தது. முகமூடி சுகம், தூக்கம் நீளம், ஆனால் சிகிச்சை குறைவு.

இப்படி ஏறினால் இரண்டு வழிகள் இருக்கின்றன: தளர்வைக் குறைப்பது, அல்லது மருத்துவரின் சம்மதத்தோடு அடிப்படை அழுத்தத்தைக் கூட்டுவது. ஈரோட்டு நுரையீரல் மருத்துவர் இரண்டையும் கலந்தார். அழுத்தம் 10, தளர்வு 2. இழுக்கும்போது 10, விடும்போது 8. பழைய 8க்குக் குறையவில்லை, எதிர்காற்றும் தணிந்தது. ஆட்டோ கருவியாக இருந்தால் அது தானே அழுத்தத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டும். ஆனால் குறைந்தபட்ச எல்லை மிகத் தாழ்வாக இருந்தால், அடைப்புகள் சில நடந்த பிறகே கருவி விழித்துக்கொள்ளும்.

இன்னொரு வகை ஏற்றம் இருக்கிறது. திரையிலோ செயலியிலோ ஏ.ஹெச்.ஐ.யைப் பிரித்துக் காட்டினால், ‘சென்ட்ரல்’ அல்லது ‘கிளியர் ஏர்வே’ என்ற எண் தனியாகக் கூடுகிறதா என்று பாருங்கள். அது தொண்டை அடைபடாமலேயே மூச்சு நிற்பது. மூளையிலிருந்து மூச்சு விடு என்ற ஆணை வரத் தாமதமாகிறது. அதிகத் தளர்வு சிலருக்கு மூச்சை ஆழமாக்கி, இரத்தத்தில் கரியமில வாயுவை அளவுக்கு மேல் குறைத்துவிடும். மூச்சைத் தூண்டுவதே அந்த வாயு என்பதால் தூண்டுதல் தளர்கிறது. இந்த எண் கூடினால் தளர்வைக் குறைத்துப் பார்ப்பது நியாயம்; அழுத்தத்தைக் கூட்டுவது தப்பான மருந்து. மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

நல்ல பக்கமும் உண்டு. காலையில் வயிறு ஊதி, ஏப்பமாக வருகிறதென்றால் காற்றை விழுங்குகிறீர்கள். வெளிமூச்சு அழுத்தம் குறைந்ததும் சிலருக்கு இது தணிகிறது.

இந்த வசதி இருப்பவர்கள் கருவியை அதிக நேரம் அணிகிறார்களா என்று ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, சராசரியில் பெரிய வேறுபாடு காணவில்லை. நான் அதை நம்புகிறேன். ஆனாலும் சராசரி என்பது சித்தப்பா அல்ல. தளர்வு இல்லாத பத்து நாளில் கருவியைப் பெட்டியில் போட்டவர், இன்று அது இல்லாமல் படுப்பதில்லை.

கை வைக்கக் கூடாதவர்கள்

இதய வலுக்குறைவு, நரம்பு அல்லது தசை நோய் உள்ளவர்கள், கருவியோடு ஆக்சிஜனும் எடுப்பவர்கள், பல்லாண்டு பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்கள் ஆகியோர் தாமாக எந்த எண்ணையும் மாற்ற வேண்டாம். இவர்களில் பலருக்குத் தேவைப்படுவது பைபாப் கருவி. அதில் உள்மூச்சுக்கு ஓர் அழுத்தம், வெளிமூச்சுக்கு ஓர் அழுத்தம் என்று தனித்தனியே எழுதிக்கொடுப்பார்கள். இடைவெளி 3ஐத் தாண்டியும் இருக்கலாம். சி-பாப்பில் 3 வைத்தும் உயர் அழுத்தத்தில் மூச்சு விட முடியாமல் திணறுகிறவர்களும் பைபாப் பற்றிக் கேட்க வேண்டும்.

லாரி, ரிக் வண்டி ஓட்டும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு நண்பர்களுக்குத் தனியாக: எண்ணை மாற்றிய வாரத்தில் நீண்ட இரவுப் பயணம் ஒத்துக்கொள்ள வேண்டாம். புதிய அமைப்பில் ஏ.ஹெச்.ஐ. ஒரு வாரம் நிலையாக நின்று, பகலில் கண் சொக்காமல் இருப்பதைப் பார்த்த பிறகு ஸ்டியரிங்கில் உட்காருங்கள். வண்டியில் கருவியை ஓட்டுவதானால் அதற்குரிய டி.சி. அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கருவியின் நினைவட்டை, நாட்குறிப்பு, முகமூடி மூன்றையும் எடுத்துப் போங்கள். நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: ‘அழுத்தம் இவ்வளவு, தளர்வு இவ்வளவு, இரவு முழுவதும் அல்லது ராம்ப் மட்டும், மாற்றிய தேதி.’ சித்தப்பாவின் நோட்டில் அந்த வரிக்குக் கீழே, மஞ்சள் விலையும் வெல்லம் விலையும் எழுதும் அதே கையெழுத்தில், 118 இரவுகளின் எண்கள் இருக்கின்றன.